யெகோவாவா, யாவேவா? நாலெழுத்துப் பெயரைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதியில் சனிக்கிழமை மாலை ஒரு சிறிய வேதபாட வகுப்பு நடக்கிறது. நான் அங்கே எபிரேயம் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கிறேன். என்ன பாடம் எடுத்தாலும், முடிந்து எழுந்திருக்கும்போது யாராவது ஒருவர் இந்தப் பெயரைப் பற்றித்தான் கேட்பார். போனிலும் அதே கேள்விகள். ஒருவருக்குச் சொன்னதையே அடுத்தவருக்கும் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

யெகோவா, யாவே, கர்த்தர், ஆண்டவர்... இதெல்லாம் ஒரே பேரா, வேற வேறயா?

மூலத்தில் ஒரே பெயர்தான். எபிரேய வேதத்தில் கடவுளுக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருக்கிறது, நாலே எழுத்து. அது 6,800 தடவைக்கும் மேல் வருகிறது. 'தேவன்', 'சர்வவல்லவர்' போன்றவற்றைவிட மிக அதிகமாக வருவது இந்தப் பெயர்தான். யெகோவா, யாவே (யாஹ்வே என்றும் எழுதுவார்கள்) என்பவை அதை உச்சரிக்கும் இரண்டு முயற்சிகள். கர்த்தர், ஆண்டவர் என்பவை பெயரே அல்ல, அந்தப் பெயர் இருக்கும் இடத்தில் மரியாதைக்காக வைக்கப்பட்ட பட்டங்கள்.

பலர் வீட்டில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு பெரும்பாலும் 'கர்த்தர்' என்று போடும், யாத்திராகமம் 6:3 மாதிரி சில இடங்களில் மட்டும் 'யேகோவா' என்று வைக்கும். 1995இல் வந்த திருவிவிலியம் 'ஆண்டவர்' என்று போடுகிறது. சங்கீதம் 110இன் முதல் வசனத்தை இரண்டிலும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் 'கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி', புதியதில் 'ஆண்டவர் என் தலைவரிடம்'. இரண்டிலும் முதல் சொல்தான் அந்த நாலெழுத்துப் பெயர், இரண்டாவது 'எஜமான்' என்ற சாதாரணச் சொல். ஒன்றில் பெயராக நிற்கும் 'ஆண்டவர்' இன்னொன்றில் எஜமானாக நிற்கிறது. இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்ளாத ஆளை நான் பார்த்ததில்லை.

சரி, எபிரேயத்தில் அதை எப்படித்தான் எழுதியிருக்கு?

வலமிருந்து இடமாக யோத், ஹே, வாவ், ஹே. நம் ஒலியில் சொன்னால் ய், ஹ், வ், ஹ். நாலும் மெய். பழைய எபிரேய எழுத்தில் உயிருக்குத் தனி எழுத்து கிடையாது. ஆனால் ஹே, வாவ், யோத் மூன்றையும் சில இடங்களில் நீண்ட உயிரைக் காட்டவும் பயன்படுத்துவார்கள், அதனால் கடைசி ஹே இங்கே ஒரு உயிரின் அடையாளமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உயிரெழுத்தே இல்லாம எப்படி வாசிச்சாங்க? நம்பவே முடியலையே.

மொழி தெரிந்தவர்களுக்கு அது கஷ்டமே இல்லை. தமிழில் 'க்ல்' என்று மட்டும் எழுதினால் கல், கால், கோல், கலை, கொலை, கூலி என்று எதுவாகவும் இருக்கலாம். ஆனால் 'மேசைக்கு நாலு க்ல்' என்றால் யாரும் கொலை என்று வாசிக்கப்போவதில்லை. வாக்கியம் சொல்லிவிடும்.

பெயரில்தான் ஆபத்து. பெயருக்கு வாக்கியம் உதவாது, காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தலைமுறை தலைமுறையாக யாரும் சத்தமாகச் சொல்லவில்லை என்றால் மெய் தாளில் நிற்கும், உயிர் போய்விடும். நடந்தது அதுதான்.

அந்தப் பேருக்கு அர்த்தம் என்ன? 'இருக்கிறவராக இருக்கிறேன்' என்பதுதான் பேரா?

அது பெயர் அல்ல, பெயருக்கு வேதமே தரும் விளக்கம். யாத்திராகமம் 3இல் மோசே எரியும் முட்செடி முன் நின்று 'உம்முடைய பெயர் என்னவென்று கேட்டால் நான் என்ன சொல்ல' என்கிறார். பதில்: 'எஹ்யே அஷேர் எஹ்யே'. 'எஹ்யே' தன்மை ஒருமை வினை. அடுத்த வசனத்திலேயே நாலெழுத்துப் பெயர் வருகிறது, அது படர்க்கை வினை போன்ற வடிவம். தன்னைப் பற்றி அவர் பேசும்போது 'இருக்கிறேன்', நாம் அவரைப் பற்றிச் சொல்லும்போது 'இருக்கிறார்'. இருத்தலைக் குறிக்கும் வினை அப்போது வழக்கில் 'ஹாயா', அதன் பழைய வடிவம் 'ஹாவா', பெயரில் வாவ் இருப்பதற்குக் காரணம் அந்தப் பழைய வடிவம் என்பதுதான் பொதுவான விளக்கம்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை நிதானமாகப் பாருங்கள். 'எஹ்யே' என்ற அதே சொல் இரண்டு வசனத்துக்கு முன்னால், 3:12இலும் வருகிறது. அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு 'நான் உன்னோடே இருப்பேன்' என்று போட்டிருக்கிறது. 3:14இல் அதே சொல் 'இருக்கிறேன்'. தமிழில் காலத்தை நாம் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். எபிரேய வினை இரண்டுக்கும் இடம் கொடுக்கும். எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'நானே இருக்கிறவர்' என்று எடுத்துக்கொண்டதால் பின்னால் வந்தவர்கள் தத்துவமாகவே, என்றும் மாறாத இருப்பு என்று வாசித்தார்கள். ஆனால் முன்வசனத்தோடு சேர்த்து வாசித்தால், பயந்துபோன ஒரு மேய்ப்பனிடம் 'நான் கூட இருப்பேன்' என்று சொன்ன குரல்தான் முதலில் கேட்கிறது. எனக்கு இந்த வாசிப்புதான் நெருக்கம்.

எல்லா அறிஞர்களும் இதோடு நிற்பதில்லை. வில்லியம் ஆல்பிரைட், பிராங்க் மூர் கிராஸ் போன்றவர்கள் 'இருக்கச் செய்கிறவர்', அதாவது உண்டாக்குகிறவர் என்ற பிறவினை என்றார்கள். ஜூலியஸ் வெல்ஹவுசன், காற்று வீசுவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்திருக்கலாம் என்றார்.

யாத்திராகமம் 6:3இல் 'யேகோவா என்னும் நாமத்தினால் அறியப்படவில்லை'ன்னு இருக்கு. ஆனா ஆதியாகமத்துலயே ஆபிரகாம் அந்தப் பேரைச் சொல்றாரே?

நல்ல கேள்வி. ஆதியாகமம் 4:26இலேயே மனிதர் இந்தப் பெயரைத் தொழுதுகொள்ள ஆரம்பித்தார்கள் என்று இருக்கிறது, 15:2இல் ஆபிராம் இந்தப் பெயரால் அழைக்கிறார் ('கர்த்தராகிய ஆண்டவரே' என்று நம் மொழிபெயர்ப்பு). மரபான பதில்: பெயர் தெரியும், அதன் பொருளை அனுபவத்தில் அறியவில்லை, விடுதலையில்தான் அது விளங்கியது. ஆய்வாளர்கள் தரும் பதில்: மோசேயின் நூல்களில் வெவ்வேறு மரபுகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு மரபு பெயரை ஆதியிலிருந்தே சொல்கிறது, குருத்துவ மரபு மோசே காலம்வரை 'எல் ஷதாய்' (சர்வவல்லவர்) போன்ற பெயர்களைச் சொல்லிவிட்டு இங்கேதான் வெளிப்படுத்துகிறது.

இதில் ஒரு சுவாரசியம். அதே ஆறாம் அதிகாரம் 20ஆம் வசனத்தில் மோசேயின் தாய் பெயர் வருகிறது: யோகெபேத். அதில் இருக்கும் 'யோ' இந்தத் தெய்வப் பெயரின் சுருக்கம் என்றே பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பைபிளுக்கு வெளியே எங்கேயாவது இந்தப் பேர் கிடைச்சிருக்கா?

கிடைத்திருக்கிறது, கல்லிலும் வெள்ளியிலும் பானையிலும். இன்றைய ஜோர்தானில் திபான் என்ற இடத்தில் 1868இல் ஒரு கருங்கல் கிடைத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டு மோவாப் அரசன் மேசா தன் வெற்றியைப் பொறித்தது. இஸ்ரவேலிடமிருந்து நேபோ ஊரைப் பிடித்து, இந்தக் கடவுளின் பொருள்களை எடுத்துவந்து தன் தெய்வமான கேமோஷின் முன் வைத்ததாகச் சொல்கிறான். பதினெட்டாவது வரியில் நாலெழுத்தும் முழுசாக இருக்கிறது. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பெயரை எழுதிவைத்தவன் எதிரி என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தரும்.

சினாய்ப் பாலைவனத்தில் குந்தில்லத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975–76இல் தோண்டியபோது கி.மு. 800 வாக்கிலான பெரிய சாடிகள் கிடைத்தன. அவற்றில் 'சமாரியாவின் யாஹ்வே', 'தேமானின் யாஹ்வே' என்று ஆசீர்வாத வரிகள், கூடவே 'அவருடைய அஷேரா' என்றும் இருக்கிறது. அது ஒரு பெண் தெய்வமா, வழிபாட்டுக் கம்பமா என்பது இன்னும் ஓயாத விவாதம். அப்புறம் எருசலேமில் கேத்தேப் ஹின்னோம் கல்லறையில் 1979இல் கபிரியேல் பர்காய் குழு கண்டெடுத்த இரண்டு குட்டி வெள்ளிச் சுருள்கள். தாயத்து மாதிரி சுருட்டி வைத்தவை, கி.மு. 600 வாக்கு. விரித்துப் பார்த்தால் எண்ணாகமம் 6இன் 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்' என்ற ஆசீர்வாதம், நாலெழுத்துப் பெயரோடு.

யூதாவின் லாகீஸ் நகரில் 1935இல் கிடைத்த ஓட்டுச்சில் கடிதங்களும் உண்டு. பாபிலோன் படை நெருங்கிவந்த நாட்களில் ஒரு படைக்காரன் தன் மேலதிகாரிக்கு எழுதியவை. தொடக்கமே 'யாஹ்வே என் எஜமானுக்கு நல்ல செய்தியைக் கேட்கச் செய்வாராக' என்பதுதான். அந்தக் காலத்தில் பெயர் சாதாரணக் கடிதத்தில்கூட புழங்கியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆரம்பத்துல இந்தப் பேர் எங்கிருந்து வந்தது? மீதியானியர்கிட்டேயிருந்தா?

அப்படி ஒரு வலுவான கருத்து உண்டு. மோசே முட்செடியைக் கண்டது மீதியானில் வாழ்ந்தபோது, மாமனார் அங்கே ஆசாரியர். உபாகமம் 33:2, நியாயாதிபதிகள் 5:4, ஆபகூக் 3:3 போன்ற மிகப் பழைய பாடல்கள் கடவுள் சேயீர், தேமான் என்ற தெற்குத் திசையிலிருந்து வருவதாகப் பாடுகின்றன.

இன்னொரு தடயம் எகிப்தியருடையது. கி.மு. 14ஆம் நூற்றாண்டு அரசன் மூன்றாம் அமென்ஹோதெப் இன்றைய சூடானில் சோலேப் என்ற இடத்தில் கட்டிய கோயிலில், நாடோடிகளான ஷாசு மக்களின் நிலங்களைப் பட்டியல் போடும்போது ஒன்றை 'யஹு' என்று படிக்கக்கூடிய பெயரால் குறிக்கிறார்கள். அது இடப்பெயர். தெய்வத்தால் இடத்துக்குப் பெயரா, இடத்தால் தெய்வத்துக்கா என்பதை அந்த ஒரு வரி சொல்லாது. தெற்கிலிருந்து வந்த பெயர் என்பதற்கு ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்திவருகின்றன, அதற்கு மேல் அடித்துச் சொல்லக்கூடாது.

யூதர்கள் ஏன் அந்தப் பேரைச் சொல்றதை நிறுத்தினாங்க? பத்துக் கட்டளையில சொல்லக்கூடாதுன்னு இருக்கா?

இல்லை. 'வீணிலே வழங்காதிருப்பாயாக' என்றுதான் இருக்கிறது. சொல்லவே கூடாது என்றால் போவாஸ் வயலில் அறுப்பவர்களைப் பார்த்து அந்தப் பெயரால் வாழ்த்தியிருக்க முடியாது (ரூத் 2:4), லாகீஸ் படைக்காரனும் எழுதியிருக்க முடியாது.

நிறுத்தியது மெதுவாக நடந்தது. அடையாளம் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. சங்கீதம் 14ஐயும் 53ஐயும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள், கிட்டத்தட்ட ஒரே பாடல். முதலாவதில் நாலெழுத்துப் பெயர் இருக்கும் இடத்தில் இரண்டாவதில் 'ஏலோஹிம்', அதாவது தேவன். எஸ்தர் புத்தகத்தில் பெயர் ஒருமுறைகூட இல்லை. கி.மு. கடைசி நூற்றாண்டுகளில் தயக்கம் நன்றாகவே தெரிகிறது. சாக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் ஒன்றான சமூக ஒழுங்குச் சுருள் ஏசாயா 40:3ஐ எடுத்தாள்கிறது. 'வனாந்தரத்திலே' என்று எழுதிவிட்டு, பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் நாலு புள்ளி. அந்த எழுத்தர் பெயரை எழுதக்கூட இல்லை. ஆபகூக் விளக்கச் சுருளில் வேறு வழி: மற்ற எல்லாம் புதிய சதுர எழுத்தில், பெயர் மட்டும் வழக்கொழிந்த பழைய எழுத்தில்.

லேவியராகமம் 24:16இல் பெயரைத் தூஷிப்பவனுக்குத் தண்டனை சொல்லப்படுகிறது. அங்கே வரும் வினைக்குக் 'குறித்துச் சொல்லுதல்' என்றும் பொருள் கொள்ளலாம், கிரேக்க மொழிபெயர்ப்பு அப்படித்தான் எடுத்துக்கொண்டு 'பெயரைச் சொல்பவன்' என்றே போட்டது. பயம் எந்த அளவு என்பது அதில் தெரிகிறது.

அப்போ கடைசியா அந்தப் பேரைச் சத்தமா சொன்னது யாரு?

எருசலேம் ஆலயத்தில் பிரதான ஆசாரியர். மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது: ஆலயத்துக்குள் ஆசீர்வாதம் சொல்லும்போது பெயரை எழுதியபடியே சொல்வார்கள், வெளியே மாற்றுச் சொல். பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியர் வாயிலிருந்து அந்தப் பெயர் வரும்போது முற்றத்தில் நின்ற ஆசாரியரும் மக்களும் முழங்கால் மடக்கி, முகங்குப்புற விழுவார்கள்.

மிஷ்னாவை விளக்கும் பெரிய யூத நூலான தல்மூதில் ரபி தர்போன் சொல்லும் ஒரு நினைவு இருக்கிறது. அவர் ஆசாரியக் குடும்பம். சிறுவயதில் மாமாவோடு மேடையில் ஏறி, பிரதான ஆசாரியர் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டாராம். மற்ற ஆசாரியர்கள் இராகம் போட்டுப் பாடும் ஒலிக்குள் அவர் பெயரை விழுங்கிச் சொன்னதைக் கேட்டேன் என்கிறார். கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தார்கள். அதன்பின் அந்த மேடையும் இல்லை. அறிஞர்கள் சீடர்களுக்கு ஏழு வருடத்துக்கு ஒருமுறை பெயரைச் சொல்லிக்கொடுத்ததாகவும் தல்மூதில் ஒரு குறிப்பு உண்டு. அப்படியும் அது அறுந்துபோனது.

இப்போ யூதர்கள் வாசிக்கும்போது என்ன சொல்வாங்க?

ஜெபத்திலும் வேதவாசிப்பிலும் 'அடோனாய்' (என் ஆண்டவர்), பேச்சில் 'ஹஷ்ஷேம்' (அந்தப் பெயர்). எழுத்திலும் கவனம் இருக்கிறது. எபிரேயத்தில் எழுத்தே எண். 15 எழுத 10க்கு யோத், 5க்கு ஹே போடவேண்டும், ஆனால் அது பெயரின் முதல் இரண்டு எழுத்தாகிவிடும் என்பதால் 9, 6க்கான எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிறார்கள். 16க்கும் இதே கதை. பெயர் எழுதிய தாள் கிழிந்துபோனாலும் குப்பையில் போடமாட்டார்கள், கெனிசா என்ற அறையில் சேர்த்து வைத்துப் பின்பு புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிச் சேர்ந்துபோன தாள்களிலிருந்து சாலமன் ஷெக்டர் 1896–97இல் பெரும் தொகையைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். இன்றைக்கு இடைக்கால யூத வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அந்தப் பெயரை எறிய மனம் வராததால் தப்பித்தது.

அப்போ 'யெகோவா' எங்கிருந்து வந்தது?

கி.பி. 7 முதல் 10 வரையிலான நூற்றாண்டுகளில் திபேரியாவில் மசோரெத்துகள் என்ற அறிஞர்கள், வாசிப்பு மறந்துபோகாமலிருக்க வேத எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளி, கோடு வைத்து உயிர்களைக் குறித்தார்கள். நாலெழுத்துப் பெயர் வந்த இடத்தில் மெய்யைத் தொடவில்லை. 'இங்கே அடோனாய் என்று வாசி' என்று நினைவூட்ட அடோனாயின் உயிர்க்குறிகளை அதன்மேல் வைத்தார்கள். அடோனாயின் முதல் உயிர் குறுகிய 'அ', ஆனால் அந்தக் குறி, அடோனாயின் முதல் எழுத்தான அலெப் போன்ற தொண்டை எழுத்துகளுக்குத்தான் வரும், யோத்தில் சாதாரணக் குறில் குறியாகிவிடும். எ, ஓ, ஆ. மெய்யோடு சேர்த்து வாசித்தால் யெ-ஹோ-வா.

யூத வாசகர் அதை அப்படி வாசிக்கமாட்டார். வழக்கம் தெரியாத ஐரோப்பியக் கிறிஸ்தவ அறிஞர்கள் கண்ணில் பட்டதை அப்படியே வாசித்தார்கள். 13ஆம் நூற்றாண்டு ரைமுந்து மார்த்தீனியின் நூலில் இந்த வடிவம் தொடர்பான தடயம் இருக்கிறது, 1518இல் கலத்தீனுஸ் இதை ஆதரித்து எழுதினார். 1530இல் டிண்டேலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்தது, 1611 ஆங்கில பைபிளில் யாத்திராகமம் 6:3 உட்பட நாலு இடத்தில் தனியாக நின்றது. தமிழுக்கும் ஐரோப்பியர் வழியாகத்தான் வந்தது. எனவே 'யெகோவா' என்பது ஒரு பெயரின் மெய்யும் இன்னொரு சொல்லின் உயிரும் சேர்ந்தது.

ஆனா பழைய கையெழுத்துப் பிரதியிலேயே யெஹோவான்னு முழு உயிர்க்குறியோட இருக்காமே? அப்போ அதுதானே சரி?

இந்தக் கேள்வி இப்போதெல்லாம் நிறைய வருகிறது, பிரதிகளின் படத்தையே அனுப்பிக் கேட்கிறார்கள். படங்கள் உண்மை. ஆனால் குறி இருக்கிறதா என்பதல்ல, எந்தச் சொல்லின் குறி என்பதுதான் விஷயம். அதைச் சோதிக்க மூன்று இடம் காட்டுகிறேன்.

முதலாவது, 'அடோனாய்' என்ற சொல்லும் நாலெழுத்துப் பெயரும் அடுத்தடுத்து வரும் இடங்கள். நம் மொழிபெயர்ப்பில் 'கர்த்தராகிய ஆண்டவர்'. அங்கே அடோனாய் அடோனாய் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் பெயரை 'ஏலோஹிம்' என்று வாசிப்பார்கள். அந்த இடங்களில் குறிகளும் ஏலோஹிமின் குறிகளாக மாறிவிடுகின்றன, எழுத்துப்படி வாசித்தால் 'யெஹோவி'. ஒருவரின் சொந்தப் பெயர் பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்பதைப் பார்த்து உச்சரிப்பை மாற்றிக்கொள்ளாது. இரண்டாவது, 'உக்கு' என்ற பொருள் தரும் 'ல்' முன்னொட்டு. 'யெஹூதா' முன்னால் வந்தால் 'லிஹூதா' என்றாகும். அதே இலக்கணப்படி யெஹோவா என்றுதான் வாசித்தார்கள் என்றால் 'லிஹோவா' என்று குறித்திருக்க வேண்டும். பிரதிகளில் இருப்பதோ 'ல' என்று அகரக் குறி, 'லடோனாய்' என்று வாசித்தால் மட்டுமே பொருந்துவது.

மூன்றாவது, 1008இல் கெய்ரோவில் எழுதி முடித்த, இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் லெனின்கிராட் பிரதி. அதன் அச்சுப்பதிப்பை வகுப்பில் விரித்து வைத்து நாங்கள் விரல் வைத்துத் தேடியிருக்கிறோம். பெரும்பாலான இடங்களில் நடுவில் இருக்கவேண்டிய 'ஓ' புள்ளியே இல்லை. யோத்துக்குக் கீழே ஒரு குறி, வாவுக்குக் கீழே ஒரு குறி, அவ்வளவுதான். சில இடங்களில் புள்ளி இருக்கிறது, அதை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் யாருக்கும் சந்தேகம் வராது.

யோசுவா, யோனத்தான் எல்லாம் எபிரேயத்துல 'யெஹோ'ன்னு தானே தொடங்குது? அது ஆதாரம் இல்லையா?

தொடங்குகிறது: யெஹோஷுவா, யெஹோனாத்தான். ஆனால் அதே பெயர் கடைசியில் வரும்போது 'யாஹு': எலியாஹு (எலியா), யெஷயாஹு (ஏசாயா), யிர்மெயாஹு (எரேமியா). எபிரேயத்தில் அழுத்தம் பெரும்பாலும் சொல்லின் கடைசிப் பக்கம் விழும், தூரத்தில் இருக்கும் உயிர் சுருங்கிவிடும். எனவே முன்னால் 'யெஹோ' என்று சுருங்கியது, பின்னால் 'யா' என்ற உயிர் நின்றது. தனியாக நிற்கும் குறு வடிவமும் 'யாஹ்' தான். ஒவ்வொரு 'அல்லேலூயா'விலும் அது இருக்கிறது, 'யாஹ்வைத் துதியுங்கள்'. சங்கீதம் 68:4இல் எபிரேயத்தில் 'யாஹ்' என்று மட்டும் இருக்கும் இடத்தைத்தான் நம் பழைய மொழிபெயர்ப்பு 'யேகோவா' என்று போட்டிருக்கிறது. ஆக முதல் அசை 'யா' என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

சரி, 'யாஹ்வே'ன்னு எதை வைச்சுச் சொல்றாங்க? அதுவும் ஊகம்தானே?

மறுகட்டமைப்புதான், ஆனால் வெறும் ஊகம் அல்ல. முதல் அசையை மேலே பார்த்தோம். கடைசி 'ஏ' இரண்டு பக்கமிருந்து வருகிறது. பெயர் 'இருத்தல்' வினையின் படர்க்கை வடிவம் என்றால், அந்த வகை வினைகள் 'ஏ' ஒலியில் முடிந்து ஹே எழுத்தில் எழுதப்படும், 'எஹ்யே' மாதிரியே.

இன்னொரு பக்கம் கிரேக்கத்தில் எழுதிய சபைப் பிதாக்கள், அதாவது ஆரம்ப நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ ஆசிரியர்கள். கிரேக்கத்தில் உயிர் எழுதியே ஆகவேண்டும். 5ஆம் நூற்றாண்டு சிரியாவின் தெயோதொரேத்து, சமாரியர்கள் அந்தப் பெயரை 'இயாபே' என்று சொல்வதாக எழுதுகிறார். அவர் காலத்துக் கிரேக்கத்தில் 'ப' எழுத்து 'வ' ஒலிதான், அதாவது யாவே. எபிபானியுஸும் அதே வடிவத்தைத் தருகிறார். அவருக்கு முன்பே அலெக்சாந்திரியாவின் கிளமெந்து 'இயாஊஎ' போன்ற வடிவத்தைத் தருகிறார், பிரதிகளில் சிறு வேறுபாடு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய எபிரேய அறிஞர் கெசேனியுஸ் ஆதரித்த பிறகு 'யாஹ்வே' ஆய்வுலகில் நிலைத்தது.

எதிர்ச் சாட்சியையும் சொல்லவேண்டும். எகிப்தில் எலிபன்டைன் தீவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஒரு யூதக் குடியிருப்பு இருந்தது, அங்கே கோயிலே வைத்திருந்தார்கள். அவர்களுடைய அரமேயக் கடிதங்களில் பெயர் மூன்றே எழுத்து, யோத் ஹே வாவ். கிரேக்கத்தில் 'இயாஓ' என்ற வடிவமும் பரவலாக இருந்தது, சாக்கடல் குகையில் கிடைத்த லேவியராகமக் கிரேக்கப் பிரதி ஒன்றில் அப்படியே இருக்கிறது. அது 'யாஹு/யாஹோ' என்ற குறு வடிவம். மக்கள் வாயில் குறு வடிவமும் முழு வடிவமும் சேர்ந்தே புழங்கியிருக்கின்றன. முழு வடிவத்துக்கு யாஹ்வேதான் இருப்பதில் பலமான விடை.

கடைசியில 'வ'வா, ஆங்கிலக்காரங்க உதடு குவிச்சுச் சொல்ற மாதிரியா?

பழங்காலத்தில் உதடு குவித்துச் சொல்லும் ஒலி. யேமன் யூதர்கள் இன்றும் வாவ் எழுத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். இன்றைய இஸ்ரேலில் பல்லும் உதடும் சேரும் 'வ'. 'ஜெ' ஒலி எபிரேயத்தில் கிடையவே கிடையாது. 'ஜெஹோவா' ஆங்கில எழுத்து வழக்கத்தால் வந்தது.

புதிய ஏற்பாட்டுல ஏன் அந்தப் பேர் இல்லை? இயேசு சொல்லியிருப்பாரா?

நம்மிடம் இருக்கும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கப் பிரதிகள் எதிலும் நாலெழுத்துப் பெயர் இல்லை, 'கூரியோஸ்', ஆண்டவர் என்றே இருக்கிறது. சிலர் தங்கள் மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாட்டிலும் 'யெகோவா' என்று சேர்க்கிறார்கள். அவர்கள் காட்டும் காரணம் ஒன்று கவனிக்கத்தக்கது: பழைய ஏற்பாட்டின் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் கிரேக்க எழுத்துகளுக்கு நடுவே பெயர் மட்டும் எபிரேயத்தில் நிற்கிறது. பின்னால் எபிரேயம் தெரியாத கிரேக்க வாசகர்கள் அந்த எழுத்துகளைக் கிரேக்கம் என்று நினைத்து 'பிபி' என்று வாசித்ததாக, பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எழுதியிருக்கிறார். ஆனாலும் அது பழைய ஏற்பாட்டைப் பற்றிய ஆதாரம். பிரதியில் இல்லாததைப் புதிய ஏற்பாட்டில் வைப்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

இயேசு அன்றைய யூத வழக்கப்படியே வாசித்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது, அதற்கு எதிராக அவர்மேல் யாரும் குற்றம் சாட்டியதாகச் சுவிசேஷங்களில் இல்லை. ஆனால் அவர் பெயரிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. யேசுவா என்பது யெஹோஷுவாவின் சுருக்கம், 'யாஹ் இரட்சிக்கிறார்'.

'அல்லாஹ்' என்பதும் இதுவும் ஒரே சொல்லா?

இல்லை. அது 'ஏல்', 'ஏலோஹிம்' என்ற சொற்களுக்கு உறவு, பொருள் 'கடவுள்'. அரபு பேசும் கிறிஸ்தவர்களும் பைபிளில் அதைத்தான் வாசிக்கிறார்கள்.

கத்தோலிக்கச் சபையில 'யாவே'ன்னு பாடக்கூடாதுன்னு சொன்னது ஏன்?

2008 ஜூன் 29 தேதியிட்டு வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் ஆயர் பேரவைகளுக்கு ஒரு கடிதம் எழுதியது. வழிபாட்டிலும் பாடல்களிலும் அந்தப் பெயரை உச்சரிக்க வேண்டாம், பழைய மரபுப்படி 'ஆண்டவர்' என்றே சொல்லுங்கள் என்றது. யூத மரபுக்கும் ஆதித் திருச்சபை வழக்கத்துக்கும் மதிப்புக் கொடுத்து எடுத்த முடிவு. படிப்பதற்கோ ஆராய்ச்சிக்கோ அது தடை அல்ல.

இத்தனை வருஷமா 'யேகோவாயீரே'ன்னு பாடிட்டேன், அது தப்பா? நீங்க ஜெபத்துல என்ன சொல்வீங்க?

போன மாதம் ஒரு அம்மா கேட்டது. கேட்கும்போது குரல் கம்மியது. தப்பு இல்லை அம்மா என்றேன். நீங்கள் யாரை அழைத்தீர்கள் என்பதில் குழப்பம் இருந்ததில்லை. அந்தப் பெயரின் நாலு மெய்யும் அதில் அப்படியே இருக்கின்றன, உயிர்தான் கடன் வாங்கியது, அதுவும் 'அடோனாய்' என்ற ஜெபச் சொல்லிலிருந்து.

நான் பாடம் எடுக்கும்போது 'யாஹ்வே' என்பேன், அதுதான் ஆதாரம் காட்டும் வடிவம். யூத நண்பர் யாராவது எதிரே இருந்தால் 'ஹஷ்ஷேம்' என்பேன், அவர் காதுக்கு அது வலிக்கக்கூடாது. தனியாக ஜெபிக்கும்போது சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த 'கர்த்தாவே' தான் வாயில் வருகிறது.